முதலில் காது, பிறகு குரல்: வேலூர்க் காலைச் சாதகத்துக்கு ஒரு கையேடு

சாதகம் (தினசரிப் பாட்டுப் பயிற்சி) என்றதும் எல்லோரும் தொண்டையைத்தான் நினைக்கிறார்கள். விடியற்காலையில் முதலில் உழைக்க வேண்டியது காது. ரிஷபம் (ரி) கொஞ்சம் ஏறி நிற்பது காதுக்குத் தெரியாத வரை, அந்த ரிஷபத்தை நூறு தடவை பாடினாலும் தவறுதான் உறுதிப்படும். அதனால் இங்கே சொல்லப்படும் ஒன்றரை மணி நேரத்தில் முதல் கால் மணி நேரம் வரை வாயைத் திறக்கவே வேண்டாம். வாய்ப்பாட்டுக்காரர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. வாத்தியம் வாசிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வேலூரில் மே மாதக் கடைசியில் சூரியன் 5.45 வாக்கிலேயே எழுந்துவிடும், ஜனவரிக் கடைசியில் 6.30 தாண்டும். கோடையில் 4.45-க்கு உட்கார்ந்து 6.15-க்குள் முடிப்பது நல்லது. ஏழு மணி ஆகிவிட்டால் மின்விசிறி இல்லாமல் இருக்க முடியாது. மின்விசிறி ஓடினால் சாதகம் பாதி கெட்டது. காற்றின் இரைச்சல் மட்டும் காரணமில்லை. சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் குரல் நடுங்கிக் கேட்கும், நீங்கள் பிடித்த கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) நேராக நின்றதா என்று தெரியாது. தவிர்க்க முடியாத நாளில் மேசை விசிறியைத் தரையில் வைத்துக் கால் பக்கம் திருப்பிவிடுங்கள். மார்கழியில் அந்தத் தொல்லை இல்லை, 5.30-க்குத் தொடங்கினாலும் போதும்.

அறை முக்கியம். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் குரல் எதிரொலித்துப் பெரிதாகவும் இனிமையாகவும் கேட்கும், ஸ்ருதிப் பிசகு அதில் மறைந்துவிடும். கோரைப்பாய் விரித்து உட்காருங்கள், எதிர்ச் சுவரில் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். குரல் திடீரென்று வறண்டு சின்னதாகிவிட்டதுபோல இருக்கும். அதுதான் உங்கள் உண்மையான குரல்.

பிறகு ஃபிரிட்ஜ். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, அதனால் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டெபிலைசர் போன்றவற்றின் முனகல் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். 1 கட்டையில் (கீபோர்டின் C-யை ஷட்ஜமாக வைத்து) பாடும் ஆணுக்கு மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ‘ப’, சுமார் 98 ஹெர்ட்ஸ். 5 கட்டையில் (G-யில்) பாடும் பெண்ணுக்கு ஆதார ஷட்ஜம் (ஸ) 196 ஹெர்ட்ஸ், முனகலோ 200-ல் நிற்கிறது. அதாவது ஸ்ருதிக்கு மிகப் பக்கத்தில், ஆனால் ஸ்ருதி சேராமல், ஒரு குரல் ஓயாமல் பாடிக்கொண்டே இருக்கிறது. காது தன்னையறியாமல் அதன் பக்கம் சாயும். சாதகம் செய்யும் அறையில் இவை எதுவும் வேண்டாம். பக்கத்து அறையில் இருந்தால் கதவைச் சாத்துங்கள்.

வெளியே கேட்பது

முதல் ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைத்துச் சும்மா கேளுங்கள். தூரத்து ஒலியில் தொடங்கிக் கிட்டத்து ஒலிக்கு வாருங்கள். விடியலில் இந்த ஊரில் தூரம் நன்றாகக் கேட்கும். இரவெல்லாம் ஆறிய நிலத்தை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்றுச் சூடான காற்றும் இருப்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே வருகிறது. பகலில் காதில் விழாத காட்பாடி ரயில் ஹார்ன் அந்நேரம் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். பாங்கு, கோயில் மணி, பால் வண்டி, எங்கோ ஓடும் தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள்.

அடுத்தது இந்த ஐந்து நிமிடத்தின் உண்மையான வேலை. நிலையாக நிற்கும் ஓர் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் ஓசை அல்லது ரயில் ஹார்ன் நல்லது. மனத்துக்குள்ளேயே அதைப் பிடித்துக்கொண்டு ஸ்ருதியைப் போடுங்கள். உங்கள் ஷட்ஜத்துக்கு அது எந்த ஸ்வரம்? பிடித்த ஒலியிலிருந்து மிக மெல்லிய முனகலாக ஷட்ஜம் வரை படியிறங்கி வந்து எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஸ்தாயியில் (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரை உள்ள அடுக்கு; கீழே மந்தரம், நடுவே மத்தியம், மேலே தாரம்). ஹார்ன் உங்கள் மத்திய ஸ்தாயிக்கு மேலே இருக்கலாம், அதை அதே உயரத்தில் தேடக் கூடாது. உங்கள் மத்திய ஸ்தாயிக்கு இறக்கிக்கொண்டு தேடுங்கள். ரயில் ஹார்னில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும், அடியில் இருப்பதை மட்டும் பிடித்தால் போதும். எந்த ஸ்வரத்துக்கும் சரியாகப் பொருந்தாமல் இரண்டுக்கு நடுவே நிற்கிறது என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது, காது கூர்மைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தம்புரா

செயலியோ மின் தம்புராவோ தினப்படிக்குப் போதும், ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது உண்மையான தம்புராவை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ப்பதே ஒரு காதுப் பயிற்சி, அதற்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது.

நான்கு தந்திகளை வாசிக்கும் வரிசை பஞ்சமம் (ப), சாரணி, அனுசாரணி (இரண்டும் ஒரே ஸ), மந்தரம் (கீழ் ஸ). சேர்க்கும் வரிசை வேறு. முதலில் சாரணியை உங்கள் ஷட்ஜத்துக்குக் கொண்டு வாருங்கள், பிறகு அனுசாரணியை அதோடு சேருங்கள். இரண்டையும் அடுத்தடுத்து மீட்டினால் ஒலி விம்மி விம்மித் தணியும். வினாடிக்கு ஒரு விம்மல் என்றால் இரு தந்திக்கும் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம். விம்மல் மெதுவாகி, ஐந்தாறு வினாடிக்கு ஒன்று என்று ஆகும் வரை திருத்துங்கள். பிறகு மந்தரம், கடைசியில் பஞ்சமம். பெரிய வித்தியாசத்துக்குப் பிரடை (தந்தியை முறுக்கும் முளை), சிறியதற்குக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் பாலம்) கீழே உள்ள மணி. மணியைக் குதிரையை விட்டுக் கீழே தள்ளினால் ஸ்ருதி ஏறும், குதிரைப் பக்கம் கொண்டு வந்தால் இறங்கும்.

ஸ்ருதி சேர்ந்த பிறகுதான் ஜீவா, அதாவது ரீங்காரத்தைத் திறக்கும் நூல். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் உள்ள பருத்தி நூலை மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் தந்தி திறந்துகொண்டு ரீங்காரம் நீளும், அங்கே விட்டுவிடுங்கள். நூல் தடிமனாக இருந்தால் எங்கே வைத்தாலும் ஒலி மொத்தையாகத்தான் இருக்கும். இழையைப் பிரித்து மெலிதாக்குங்கள். கரகரவென்று அதிர்ந்தால் நூல் இடம் தாண்டிவிட்டது.

வேலூரின் வறண்ட வெயிலில் மரம் சுருங்கும், பிரடை வழுக்கும். சாக்பீஸ் தூளைப் பிரடையில் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறாக மரம் ஊதிப் பிரடை இறுகும்; அப்போது உலர்ந்த சோப்பை லேசாகத் தேய்க்க வேண்டும். வெயில் ஏற ஏற உலோகத் தந்தி நீண்டு ஸ்ருதி இறங்குவதால், ஐந்து மணிக்குச் சேர்த்ததை ஆறு மணிக்கு ஒரு முறை பாருங்கள்.

மற்ற வாத்தியக்காரர்களுக்குச் சுருக்கமாக: மிருதங்கத்தில் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) அப்பும் ரவை இந்த வறட்சியில் சீக்கிரம் காய்ந்துவிடும், அரை மணிக்கு ஒரு முறை விரலால் நீர் தொட்டு வையுங்கள். புல்லாங்குழல் குளிர்ந்த காலையில் ஸ்ருதி இறங்கி ஒலிக்கும். உள்ளே உள்ள காற்று 10 டிகிரி சூடேறினால் அரை ஸ்வர இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறும், எனவே பத்து நிமிடம் ஊதிய பிறகுதான் ஸ்ருதியைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். நாகஸ்வரக்காரர்கள் சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாக்கை) நனைத்துப் பதமாக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

இப்போது பத்து நிமிடம் தம்புராவை மட்டும் கேளுங்கள். மந்தரத் தந்தியை மீட்டி அதன் வாலைத் தொடர்ந்து போனால், மேல் ஸ்தாயியில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் (க) கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அந்தத் தந்தியின் ஐந்தாவது மடங்கு அதிர்வு அது. உடனே பிடிபடாவிட்டால் அந்தர காந்தாரத்தை (உயர்ந்த வகைக் காந்தாரத்தை) ஒரு முறை மெல்ல முனகி நிறுத்திவிட்டு மீட்டுங்கள், காது தானே தேடிப்போய்ப் பிடிக்கும். கீபோர்டில் உள்ள காந்தாரம் இதைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல். ஒரு அரை ஸ்வர இடைவெளி 100 சென்ட். அதனால் அந்தர காந்தாரத்தைக் கீபோர்டில் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தம்புராவிடமே கேளுங்கள்.

செயலி பயன்படுத்துபவர்கள் போனின் சின்ன ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். மந்தரம் அதில் வராது. அடி ஒலி கொடுக்கும் ஸ்பீக்கரில் இணைத்து, மூன்று நான்கு அடி தள்ளி, காது உயரத்தில், உங்கள் குரலைவிடச் சற்றுக் குறைந்த ஒலியில் வையுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடுவது கூடவே கூடாது. அப்போது எலும்பு வழியாக உள்ளே கேட்கும் குரலைத்தான் கேட்பீர்கள், அறையில் ஒலிக்கும் குரலை அல்ல.

குரலைத் திறப்பது

தூங்கி எழுந்ததும் குரல்நாண் சற்று வீங்கியிருக்கும், அதனால் குரல் கீழே நிற்கும். இதைக் குறையாக நினைத்துச் செருமிச் செருமி மேலே இழுப்பவர்கள்தான் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கீழே நிற்கிற குரலைக் கீழேயே பயன்படுத்துங்கள், மந்தர ஸ்தாயிக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர். பால் கலந்த காபியைச் சாதகம் முடிந்த பிறகு குடிக்கலாம், குடித்த கையோடு பாடினால் தொண்டையில் ஏதோ படிந்ததுபோலத் தோன்றிச் செருமத் தூண்டும்.

வாயை மூடி ஷட்ஜத்தில் முனகல், மூன்று நிமிடம். பிறகு அகாரத்தில் (‘ஆ’ என்று வாய் திறந்து) ஸ, நி, த, ப என்று ஒவ்வொன்றும் எட்டு வினாடி நிறுத்தி இறங்குங்கள். பஞ்சமம் காற்றாக மட்டும் வந்தால் தைவதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அழுத்த வேண்டாம். தாடை மார்பை நோக்கிக் குனிந்தால் குரல் அமுங்கும். எட்டு வினாடியில் கடைசி இரண்டைக் கவனியுங்கள். மூச்சு குறையும்போது ஸ்வரம் சரியும், அந்த இடத்தில்தான் காதை வைக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குத் தார ஷட்ஜம் வேண்டாம்.

அதன்பின் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி (தொடக்க ஸ்வர வரிசைப் பயிற்சி). வித்துவானானாலும் இதை விடுவதற்கில்லை. ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டில் சேர்ந்திருந்த திருத்தணியில் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியை அமைத்ததும் இதே ராகத்தில்தான் என்பது மரபு. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ராகம் என்று கையை உதறிவிட முடியாது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்தால் முதல் சரளி வரிசையின் ஆரோகணம் (ஏற்றம்), அவரோகணம் (இறக்கம்) இரண்டும் சேர்ந்து எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று), 16 வினாடி. இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) அதையே இரு முறை, மூன்றாம் காலத்தில் நான்கு முறை பாடினாலும் அதே 16 வினாடிதான் ஆக வேண்டும். மெட்ரோனோமை அணைத்துவிட்டுக் கைத்தாளம் போட்டுக் கடிகாரத்தில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் காலம் தொடங்கும் இடத்தில் கை ஓடும், மூன்றாம் காலத்தில் 13, 14 வினாடிக்கு வந்துவிடும். அப்படி வந்தால் வேகத்தைக் கூட்டும் பேச்சே வேண்டாம்.

இரண்டு காந்தாரம்

காலைக் கேட்பின் கூர்மையைச் சோதிக்க பூபாளமும் பௌளியும் போல வேறு ஜோடி இல்லை. இரண்டும் விடியல் ராகம். ஆரோகணத்தை எழுதினால் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஸ ரி க ப த ஸ். இரண்டிலும் சுத்த ரிஷபம், சுத்த தைவதம். பூபாளத்தில் சாதாரண காந்தாரம், பௌளியில் அதைவிட அரை ஸ்வர இடைவெளி உயர்ந்த அந்தர காந்தாரம். பௌளி இறங்கும்போது ஸ் நி த ப க ரி ஸ என்று காகலி நிஷாதம் வரும், பூபாளத்தில் நிஷாதமே இல்லை.

பயிற்சி இப்படி. ‘ஸ ரி க’ என்று பௌளிக் காந்தாரத்தில் நின்று எட்டு எண்ணிக்கை. பிறகு எட்டு எண்ணிக்கை மௌனம், தம்புரா மட்டும். மௌனத்தின் முடிவில் மெல்ல முனகாமல், தேடாமல், நேராகப் பூபாளக் காந்தாரத்தைத் தொடுங்கள். எட்டு எண்ணிக்கை நில்லுங்கள். மறுபடி மௌனம், மறுபடி பௌளி. பத்து நிமிடம் போதும்.

சறுக்கல் எப்போதும் ஒரே பக்கம்தான். சாதாரண காந்தாரம் மெல்ல மேலே நகரும், ஏனென்றால் தம்புராவில் ஒலிக்கும் சுயம்பு காந்தாரம் அதை இழுக்கிறது. கீழிருந்து ஏறாமல் ‘ப க ரி ஸ’ என்று பஞ்சமத்திலிருந்து இறங்கி வந்து தொட்டால் அது தன் இடத்தில் நிற்கும். இன்னொரு தவறு, காந்தாரத்தின் மேல் கவனம் குவிந்து ரிஷபம் உயர்ந்துவிடுவது. சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கூடப் படிப்பவர் ஒருவர் இருந்தால் ஒருவர் பாட மற்றவர் கண்ணை மூடிக் கேட்டு எந்த ராகம் என்று காந்தாரத்தை மட்டும் வைத்துச் சொல்லட்டும். ஒரு மாதம் சென்று மலயமாருதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தாரம் பௌளியுடையதே, தைவதம் மட்டும் சதுஸ்ருதிக்கு ஏறி, கைசிகி நிஷாதம் வந்து சேரும். இப்போது சோதனை உத்தராங்கத்துக்கு (பஞ்சமத்துக்கு மேலுள்ள பாதிக்கு) மாறும்.

சந்தம்

லயத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரும் சுரங்கம் இருக்கிறது. திருவண்ணாமலை அருணகிரிநாதரின் திருப்புகழ், அதை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் இருவருமே இந்த வட்டாரத்தோடு சேர்ந்தவர்கள். சொல்லைப் பாடுவதற்கு முன் சந்தத்தை மட்டும் சொல்லிப் பழகுங்கள். குறில் ஒரு மாத்திரை, நெடிலும் ஒற்றடுத்த குறிலும் இரண்டு. அப்படியானால் ‘தனன’ மூன்று, ‘தனதன’ நான்கு, ‘தந்தன’வும் நான்கு, ‘தனதான’ என்று இழுக்காமல் முடித்தால் ஐந்து. ‘தனன தனதன’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு வந்துவிடும். அதில் ‘தனதன’ இருந்த இடத்தில் ‘தந்தன’வை வையுங்கள். கணக்கு மாறவில்லை, நடை மாறிவிட்டது. கோட்டை அகழியை ஒட்டி நடைப்பயிற்சி போகிறவர்கள் இதைக் காலடியோடு சேர்த்துச் சொல்லலாம், சாதக நேரத்தை இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஏழு மாத்திரைக்கு ஓரடி என்று வைத்தால் நடை வேகம் பிடித்து ஓடாது.

பிறரைக் கேட்பது

ஒரு முழுக் கச்சேரியைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பதைக் கேட்பது என்று எண்ண வேண்டாம். மூன்று நிமிடத் துண்டு ஒன்று எடுங்கள், அதை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை கண்ணை மூடி முழுவதும். இரண்டாவது முறை மூச்சு எங்கே எடுக்கிறார், எந்த ஸ்வரத்தில் நிற்கிறார் என்பது மட்டும். மூன்றாவது முறை ஒரே ஒரு பிடியை (சிறு ஸ்வரக் கோவையை) ஸ்வரமாக எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் எழுத ஆசைப்பட்டால் எதுவும் தங்காது.

யாரை என்பது உங்கள் குறையைப் பொறுத்தது. அவசரப்படுகிறவர்கள் எம்.டி.ராமநாதனை (1923–1984) எடுங்கள், அவர் பாடாமல் விடும் இடங்களை எண்ணுங்கள். கமகம் (ஸ்வரத்தின் அசைவு) தட்டையாக வருகிறவர்கள் டி.பிருந்தாவை (1912–1996) எடுத்து ஒரே ஸ்வரத்துக்குள் எத்தனை அசைவு என்று பாருங்கள். கார்வை நிற்காதவர்களுக்கு டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ஆலாபனை.

எழுதும் நோட்டு கட்டாயம். வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தியாகராஜரின் கிருதிகளையும் வரலாற்றையும் ஏட்டில் எழுதி வைத்ததால்தான் அவற்றில் பல நம் வரைக்கும் வந்திருக்கின்றன. உங்கள் நோட்டில் தேதி, ஸ்ருதி, எழுதிய பிடி, அன்று சறுக்கிய ஸ்வரம், இவ்வளவு இருந்தால் போதும்.

புதிதாக ஒன்று

கடைசி இருபது நிமிடம் மனோதர்மம் (கற்பனையாகப் பாடுவது). முழு ராகத்தையும் திறந்து வைத்துக்கொண்டால் கை பழகிய பிடிகளையே தொண்டை தேடும். மூன்று ஸ்வரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாகப் பௌளியில் க, ப, த. பத்து நிமிடம் அதற்குள்ளேயே ஆலாபனை. மூன்றாம் நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டதுபோல வெறுமையாக இருக்கும், அங்கே எழுந்துவிடக் கூடாது. நீளத்தை மாற்றுங்கள், எங்கே நிற்பது என்பதை மாற்றுங்கள், மௌனத்தைக் கூட்டுங்கள். ஏழாவது எட்டாவது நிமிடத்தில்தான் இதுவரை பாடாத ஒரு பிடி விழும். அடுத்த பத்து நிமிடம் மற்ற ஸ்வரங்களைத் திறந்து அந்தப் பிடிக்கு ஒரு வழியும் ஒரு முடிவும் அமையுங்கள்.

இதைப் போனில் பதிவு செய்யுங்கள். போன் மூன்றடி தள்ளி, ஏரோப்ளேன் மோடில். அன்றே கேட்காதீர்கள். பாடிய சூட்டில் கேட்டால், பாட நினைத்ததுதான் காதில் விழும், பாடியது விழாது. மறுநாள் காலை தம்புராவுக்குப் பிறகு, குரலைத் திறப்பதற்கு முன், நேற்றைய பதிவில் இரண்டு நிமிடம் கேளுங்கள். சறுக்கிய இடத்தை நோட்டில் குறித்து, அன்றைய சரளியில் அந்த ஸ்வரத்தின் மேல் நில்லுங்கள். கேட்டு முடித்த பதிவை அழித்துவிடலாம்.

சளி பிடித்த நாளிலும் உட்காரும் நேரத்தை மாற்ற வேண்டாம். பாடாமல் வெளியொலி, தம்புரா, மூன்று நிமிடத் துண்டு, சந்தம் இவற்றைச் செய்யுங்கள், காந்தாரப் பயிற்சியை மனத்துக்குள் செய்து முடிவில் தம்புராவில் சரிபாருங்கள். கிசுகிசுப்பாகப் பாடிப் பார்ப்பது சத்தமாகப் பாடுவதைவிட நாணுக்குக் கெடுதல் செய்யலாம். குரலடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீண்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குரல் திரும்பிய முதல் சில நாளுக்கு மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தாண்ட வேண்டாம்.